‘ட்ரிபிள் ஒன்’ போயிடுச்சாமே, வாங்கலாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக: “பதினோரு வருடமாக ஹைதராபாத்தில் ஐ.டி. வேலை. சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். மொய்னாபாத் மண்டலத்தில் ஒரு கிராமத்தில் 10 ஏக்கரை 64 மனைகளாகப் போட்டு ‘ஃபார்ம் பிளாட்’ என்று விற்கிறார்கள். மனை ஒன்று 5 குண்டா (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு), சதுர கெஜம் 18,000 ரூபாய். முன்பெல்லாம் அங்கே வீடு கட்ட விடமாட்டார்களாம். இப்போது ‘ட்ரிபிள் ஒன் ஜி.ஓ.’வை எடுத்துவிட்டார்கள், இரண்டு வருடத்தில் விலை மூன்று மடங்கு என்கிறார் ஏஜென்ட். மச்சான் ஏற்கெனவே புக் செய்துவிட்டார். நானும் 2 லட்சம் டோக்கன் கொடுத்திருக்கிறேன். மாமனார் தன் ரிடையர்மென்ட் பணத்தைப் போடுகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீடு கட்ட முடியுமா? பக்கத்து உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகளைக் காக்கத்தான் அந்தத் தடையாம்; அவற்றிலிருந்து ஹைதராபாத்துக்கு ஒரு சதவீதத் தண்ணீர்தான் வருகிறதாம், அதற்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி? பி.கு.: வீடு கட்ட முடியாவிட்டால் மாந்தோப்பாவது வைக்கலாமே என்கிறார் மாமனார்.”

அன்புள்ள நண்பருக்கு,

டோக்கனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாமனார் பணத்தை இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கவிடுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நகரமைப்பு வேலையில் இந்த ஒரு கேள்வியை நான் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் எத்தனையோ முறை கேட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் கேட்பவர் கையில் ஒரு டோக்கன் ரசீது இருக்கும்.

முதலில் ஏரிகள். திருவண்ணாமலைக்காரர் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்வது சுலபம். உங்கள் ஊர் ஏரிக்கு ஒரு வரத்துக்கால் இருக்கும். அதை மேலே யாராவது மறித்தால் கீழே ஊரே திரண்டு சண்டைக்குப் போகும். ஏரி என்றால் கரையும் மதகும் மட்டுமில்லை, மழை விழும் மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கிவரும் வழி முழுவதும் ஏரிதான். ஹைதராபாத்தின் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் இதேபோலத்தான், அளவுதான் பெரிது. 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு நகரத்தைப் புரட்டிப்போட்டு ஆயிரக்கணக்கானோரை அடித்துக்கொண்டு போன பிறகு, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து யோசனை கேட்டார்கள். ஆற்றுக்கு மேலே தண்ணீரைப் பிடித்து நிறுத்தினால்தான் நகரம் பிழைக்கும் என்றார் அவர். அப்படி வந்ததுதான் மூசியின் மேல் 1920இல் உஸ்மான் சாகர், அதன் துணை ஆறான ஈசியின் மேல் 1927இல் ஹிமாயத் சாகர். ஊர்க்காரர்களுக்கு முதலாவது கண்டிப்பேட்டை. அந்தத் தண்ணீரைக் குடித்தவன் ஹைதராபாத்தை விட்டுப் போகமாட்டான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உங்களுக்கும் பதினோரு வருடம் ஆகிவிட்டதே.

உங்கள் மொய்னாபாத் இந்த இரண்டு ஏரிகளுக்கும் இடையில் கிடக்கிறது. ஒரு பக்கம் விழும் மழை ஒன்றுக்குப் போகும், மறுபக்கம் விழுவது மற்றொன்றுக்கு.

1996 மார்ச் 8இல் வந்த அரசாணை 111, ஏஜென்ட் சொன்ன அந்த ‘ட்ரிபிள் ஒன் ஜி.ஓ.’, இந்த மேட்டைத்தான் காக்கப் பார்த்தது. ஏரிகளின் முழுக் கொள்ளளவு மட்டத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை, 84 கிராமங்கள். மாசுபடுத்தும் ஆலை, பெரிய ஹோட்டல், குடியிருப்புக் காலனி எதுவும் கூடாது. நிலத்தில் 90 சதவீதம் விவசாயம், தோட்டம், பாதுகாப்பு என்ற வகையில்தான் இருக்க வேண்டும். வீடு என்றால் கிராமகண்டம், அதாவது நம் பக்கத்து நத்தம், அதை ஒட்டிய இடத்தில். அங்கேயும் கட்டடப் பரப்பு மனைப் பரப்பில் பாதிக்கு மேல் போகக்கூடாது. புதிதாக லேஅவுட் போட்டால் மொத்த நிலத்தில் 60 சதவீதத்தைச் சாலைக்கும் திறந்தவெளிக்கும் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியை வைத்து ஒரு வேலை செய்யுங்கள். ஏஜென்ட் கொடுத்த கலர் பிரவுச்சரை எடுத்து மனைகளை எண்ணுங்கள். 64 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு ஏக்கர் 40 குண்டா, 10 ஏக்கர் 400 குண்டா. 64 மனைக்கு 5 குண்டா வீதம் 320 குண்டா, அதாவது 8 ஏக்கரை விற்கிறார்கள். 60 சதவீதத்தை விட்டிருந்தால் விற்பதற்கு 4 ஏக்கர்தான் மிஞ்சும், 32 மனைதான் வரும். ஆக, உங்களுக்குக் காட்டப்பட்ட மனைகளில் பாதி, அந்த விதிப்படி சாலையாகவோ மரமாகவோ இருக்க வேண்டிய இடம். உங்களுடையது எந்தப் பாதியில் இருக்கிறது என்று ஏஜென்டைக் கேட்டுப்பாருங்கள். சிரிப்பார்.

சரி, அந்த விதிதான் போய்விட்டதே என்பீர்கள். இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அரசாணை 69 வந்தது. 111இன் மூன்றாவது பத்தியில் இருந்த கட்டுப்பாடுகளை நீக்குவதாக அது சொன்னது உண்மை. ஆனால் இரண்டு ஏரிகளின் தண்ணீர்த் தரமும் எந்த வகையிலும் கெடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவைத் திருப்பிவிடும் கால்வாய்கள், இதற்கெல்லாம் வழிமுறை வகுக்கத் தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு என்றும் அதே ஆணையில் இருக்கிறது. 2023 மே மாதம் அமைச்சரவை கூடி 111ஐ மொத்தமாக எடுப்பதாக முடிவு செய்தது. ஏஜென்ட் லேமினேட் செய்து வைத்திருக்கும் பேப்பர் கட்டிங் பெரும்பாலும் அந்தச் செய்திதான். அமைச்சரவை முடிவு வேறு, அரசாணை வேறு. ஆணைக்கு ஓர் எண் இருக்கும், தேதி இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள்.

எண்ணே கிடைத்தாலும், தடை நீங்கியது என்பதற்கும் அனுமதி கிடைத்தது என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. லேஅவுட் அனுமதி தர வேண்டியது ஹைதராபாத் பெருநகர வளர்ச்சிக் குழுமமான எச்.எம்.டி.ஏ. உங்கள் சர்வே எண் மாஸ்டர் பிளானில் என்ன நிறத்தில் இருக்கிறதோ அதுதான் அவர்களுக்குச் சட்டம். பாதுகாப்பு மண்டலம் என்று பச்சையாக இருந்தால், அந்தப் பச்சை மாறும்வரை அங்கே வீட்டுமனை கிடையாது. நிலப் பயன்பாட்டுச் சான்று கேட்டு மனுப் போட்டால் எழுத்தில் பதில் வரும். கட்டணம் பெரிதில்லை. கோடி ரூபாய் போடப்போகிறவர் இந்தச் சின்னக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் அதிசயத்தைப் பல முறை பார்த்துவிட்டேன்.

“பஞ்சாயத்து அனுமதி இருக்கிறது, கன்வர்ஷன் ஆகிவிட்டது” என்று சொல்வார்கள். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, சுப்ரீம் கோர்ட் வரை போன கதை. ஆமணக்கு எண்ணெயிலிருந்து வேதிப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனி 1995இல் இதே நீர்ப்பிடிப்பில் பெத்தஷாபூர் என்ற கிராமத்தில் 12 ஏக்கர் வாங்கியது. ஊராட்சி ஆலைக்குச் சம்மதம் கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றிக்கொடுத்தார். கட்டடமும் எழும்பியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மட்டும், 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள், முடியாது என்றது. 1997இல் மாநில அரசே அந்த ஒரு கம்பெனிக்காகத் தனி விலக்கு ஆணையும் போட்டுப் பார்த்தது. 2000 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த விலக்கு செல்லாது என்றுவிட்டது. குடிதண்ணீர் வாழ்வுரிமையோடு சேர்ந்தது, பொதுவில் தடை போட்டுவிட்டு ஒருவருக்கு மட்டும் கதவு திறக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ‘ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் பேராசிரியர் எம்.வி. நாயுடு’ என்று தேடினால் முழுத் தீர்ப்பும் கிடைக்கும். பஞ்சாயத்து முத்திரையும் கலெக்டர் கையெழுத்தும் அரசின் விலக்கும் சேர்ந்தே நிற்காத இடத்தில், உங்கள் ஏஜென்டின் பிரவுச்சர் எந்த மூலைக்கு?

பத்திரம் பதிவானாலும் அதை நம்பிவிட வேண்டாம். தெலங்கானாவில் விவசாய நிலத்தைத் தாசில்தார் அலுவலகத்திலேயே பதிவு செய்கிறார்கள். உங்கள் 5 குண்டா பதிவானால், விவசாய நிலமாகவே, விவசாய நில பாஸ்புக்கோடுதான் உங்கள் பெயருக்கு வரும். நிலம் உங்களுடையது என்று அந்த பாஸ்புக் சொல்லும். அதில் வீடு கட்டலாம் என்று எங்கேயும் சொல்லாது. தமிழ்நாட்டில் அப்ரூவல் இல்லாத மனையைப் பதிவு செய்ய மறுப்பதைப் பார்த்துப் பழகியவர்கள், ‘பதிவாகிவிட்டது, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்’ என்று நினைத்துவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் இங்கே வந்து மாட்டுவது அதிகமும் இந்த இடத்தில்தான். வில்லங்கச் சான்றிதழும் சுத்தமாக இருக்கும். வில்லங்கம் மண்ணில் இருந்தால் அது சான்றிதழில் வராது.

மண்ணைப் பார்க்கப் போன ஒரு நாளைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன், தெரிந்த குடும்பம் ஒன்றுக்காக இதேபோல ஒரு ஃபார்ம் பிளாட் பார்க்கப் போனேன். ஆகஸ்ட் மாதம், முந்தின இரவு நல்ல மழை. வளைவான கேட், இரண்டு பக்கமும் பாக்குப் பனை, தார் காயாத உள் சாலை. வாட்ச்மேன் கொட்டகை வாசலில் கால் வைத்து ஏற ஒரு சிமென்ட் கல்லைப் படுக்கப்போட்டிருந்தார்கள். செருப்பில் சேறு அப்பியிருந்ததால் அதில் தேய்த்துக்கொண்டே குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் சிவப்புப் பெயின்டில் மூன்று ஆங்கில எழுத்துகள், பாதி அழிந்து: எஃப்.டி.எல். ஏரியின் முழு மட்டம் இதுவரைதான் என்று காட்ட நட்டுவைக்கும் எல்லைக் கல் அது. எங்கேயிருந்து பிடுங்கினார்கள் என்று வாட்ச்மேனைக் கேட்டேன். “நாங்க வரும்போதே இங்கதான் சார் கிடந்தது” என்றார். அவர் பொய் சொல்லியிருக்கமாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உள்ளே போனால் ஒரு வாகு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் காட்டாற்றுக்கு இங்கே வாகு என்று பெயர். எட்டடி பத்தடி அகலத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர், லேஅவுட்டின் காம்பவுண்ட் சுவரில் முட்டி, சாலைக்கு அடியில் போட்டிருந்த இரண்டடிக் குழாய் ஒன்றில் நுழையத் திணறிக்கொண்டிருந்தது. நுழைய முடியாதது சுவரோரமாகவே ஓடி, அடுத்த விவசாயியின் தக்காளிக் கொல்லையில் நின்றது. அந்தத் தண்ணீர் ஏரிக்குப் போய்ச் சேரவில்லை. தக்காளியும் அழுகியது.

ஆகவே நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போங்கள். ஏஜென்ட் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் போகாதீர்கள். கிராம வரைபடத்தை, இங்கே நக்‌ஷா என்பார்கள், தாசில்தார் அலுவலகத்திலோ ஆன்லைனிலோ எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் வாகு எங்கே, குண்டா என்கிற சின்னக் குட்டை எங்கே, இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று நடந்து பாருங்கள். (நில அளவும் குண்டா, குட்டையும் குண்டா. புரோக்கருக்குச் சில சமயம் இரண்டும் ஒன்றுதான்.) 111 இருந்தாலும் போனாலும் 2012 கட்டட விதிகள் எல்லாருக்கும் உண்டு. 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரியின் முழு மட்டத்திலிருந்து 30 மீட்டர், அதைவிடச் சிறிய குட்டையிலிருந்து 9 மீட்டர், 10 மீட்டருக்கு மேல் அகலமான வாகுவிலிருந்து 9 மீட்டர், சின்ன ஓடை என்றால் 2 மீட்டர் விட்டுத்தான் எதையும் கட்ட முடியும். 2024 ஆகஸ்டில் உஸ்மான் சாகரின் முழு மட்டத்துக்குள் எழுந்திருந்த கட்டடங்களை இடித்ததை நீங்களே டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

இனி உங்கள் ஒரு சதவீதக் கேள்வி. நல்ல கேள்வி, அரசே கேட்ட கேள்வியும்கூட. 111 வந்தபோது நகரத்தின் குடிநீரில் கால் பங்குக்கு மேல் இந்த ஏரிகளிலிருந்து வந்தது, இப்போது ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை என்பதுதான் அரசாணை 69 சொன்ன காரணம். இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே பாதிக் கணக்காகத்தான் படுகிறது. பங்கு சுருங்கியதற்கு முக்கியக் காரணம், கிருஷ்ணாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலும், கோதாவரியிலிருந்து அதைவிடத் தூரத்திலும் குழாய் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்ற வேண்டும், மின்கட்டணம் மாதாமாதம் வரும். கண்டிப்பேட்டைத் தண்ணீர் தானாகவே சரிவில் இறங்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்துவிடும். தொலைவில் ஆறு வற்றிய வருடம் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கு என்ன மதிப்பு என்பது சதவீதத்தில் தெரியாது.

அப்புறம் வெள்ளம். இவை முதலில் வெள்ளத்துக்காகக் கட்டியவை என்பதை மறந்துவிடுகிறோம். 2020 அக்டோபர் மழையில் ஹிமாயத் சாகர் நிரம்பி மதகுகளைத் தூக்க வேண்டிவந்தது. மேட்டில் மண்ணாக இருக்கும் 10 ஏக்கரில் மழை ஊறி, இடுக்கில் இறங்கி, மெதுவாக வரும். தக்காணத்தில் பாறைக்கு மேல் மண் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம்தான் பஞ்சு மாதிரி வேலை செய்கிறது. அதே 10 ஏக்கரில் 64 கூரை, 64 சிமென்ட் முற்றம், தார்ச் சாலை போட்டால் மழை நின்ற ஒரு மணி நேரத்தில் எல்லாம் கீழே வந்துவிடும், என்ஜின் ஆயிலையும் சேர்த்துக்கொண்டு. 64 செப்டிக் டேங்கும் 64 போர்வெல்லும் பாறை இடுக்கில் ஒன்றுக்கொன்று அக்கம்பக்கம். ஏரி கெடுவதற்கு முன்னால் கெடுவது உங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர்தான். ஹுசைன் சாகரும் ஒரு காலத்தில் இதே நகரத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்த ஏரி. இன்றைக்கு அதன் கரையில் மூக்கைப் பிடிக்காமல் நின்று பாருங்கள்.

ஏரிக்கு எதற்குக் கெடுபிடி என்ற கேள்வியை நீங்கள் கேட்டால் எனக்குக் கோபம் வராது. மொய்னாபாத் விவசாயி கேட்டால் பதில் சொல்லத்தான் சங்கடமாக இருக்கும். மூன்றே ஏக்கர் வைத்திருப்பவர், 1996இலிருந்து நகரத்தின் தண்ணீருக்காகத் தன் நிலத்தின் விலையை இழந்து உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே பெரிய மனிதர்களின் பண்ணை வீடுகள் மதில் வைத்து எழும்பின. விதி சரி, அதன் செலவை யார் தலையில் கட்டினோம் என்பதுதான் தப்பு. நியூயார்க் நகரத்துக்கு இதே பிரச்சினை வந்தபோது 1997இல் மேட்டுக் கிராமங்களோடு உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஓடைக்கு 100 அடிக்குள்ளும் நீர்த்தேக்கத்துக்கு 300 அடிக்குள்ளும் கழிவு ஊறும் குழி கூடாது என்று கட்டுப்பாடு ஒரு பக்கம். மறுபக்கம், விற்க விரும்புகிறவரிடம் மட்டும் நகரமே நிலத்தை விலைக்கு வாங்கியது, வாங்கிய நிலத்துக்கு ஊருக்கு வரியும் கட்டியது, பழுதான செப்டிக் டேங்குகளைத் தன் செலவில் சரிசெய்து கொடுத்தது. பிரம்மாண்டமான சுத்திகரிப்பு ஆலை கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் செய்தார்கள். தர்மத்துக்குச் செய்யவில்லை. இங்கே நாம் கட்டுப்பாட்டை மட்டும் எழுதினோம், மறுபக்கத்தை எழுதவே இல்லை. அதனால்தான் 111ஐ எடுங்கள் என்று கிராமமே கேட்கும்போது நம்மால் வாயைத் திறக்க முடியவில்லை.

டோக்கனுக்கு வருகிறேன். இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் மட்டும் இல்லாமல் மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும். நான்கு விஷயம் கேளுங்கள்: எச்.எம்.டி.ஏ. லேஅவுட் அனுமதி எண், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண், சர்வே எண்ணுக்கான நிலப் பயன்பாட்டுச் சான்று, ஏரி வாகு எல்லைகள் குறித்து நீர்ப்பாசனத் துறையின் தடையின்மைச் சான்று. 500 சதுர மீட்டருக்கு மேல் நிலத்தைப் பிரித்து வீட்டுமனையாக விற்பதென்றால் ரெரா பதிவு இல்லாமல் விளம்பரமே செய்யக்கூடாது. “இது ஃபார்ம் லேண்ட் சார், ரெரா தேவையில்லை” என்று பதில் வந்தால் அந்த மெயிலைப் பத்திரமாக வையுங்கள். கிளப் ஹவுஸும் வில்லாவும் போட்ட பிரவுச்சர் ஒரு கையில், ஃபார்ம் லேண்ட் என்ற மெயில் மறுகையில். பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு அதுவே நல்ல ஆயுதம். கையெழுத்துப் போட்ட புக்கிங் படிவத்தில் ‘டோக்கன் திரும்பத் தரப்படாது’ என்ற வரி இருந்தாலும் கேளுங்கள். உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் ஒரு நோட்டீஸ் அனுப்பச் சொன்னாலே பலர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். முழுவதும் வராவிட்டால், மிச்சத்தோடு போகட்டும் என்று விட்டுவிடுங்கள். போன 2 லட்சத்தைக் காப்பாற்ற இன்னும் கோடியைப் போட வேண்டாம். மச்சானிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், ஆனால் உங்கள் மனைவி மூலமாக. நேரடியாகச் சொன்னால் பொறாமை என்பார்.

மாமனாரின் மாந்தோப்பு. மாமரத்துக்கு 111 எந்த நாளும் தடை சொன்னதில்லை, அந்த ஆணை விரும்பியதே அதைத்தான். 5 குண்டா என்பது 605 சதுர கெஜம், 5,445 சதுர அடி. முப்பதடிக்கு ஒரு மரம் என்று வைத்தால் 6 மரம் நிற்கும். சதுர கெஜம் 18,000 வீதம் மொத்தம் 1 கோடியே 8 லட்சத்து 90 ஆயிரம். மரம் ஒன்றுக்கு 18 லட்சம் ஆகிறது. அவர் பங்கனபள்ளி ரகம் வைக்கப்போகிறாரா ஹிமாயத் ரகம் வைக்கப்போகிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.